பதக்கத்தின் விளிம்பைப் படிப்போம்

கடந்த டிசம்பரில் தோழர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தார். பித்தளையில் ஒரு தொப்பிச் சின்னம். நடுவில் ஒரு தூண், கீழே ஆங்கிலத்தில் மகார் ரெஜிமெண்ட் என்ற எழுத்துகள். "1818இல் கோரேகான் போரில் நம்ம ஆளுங்க போட்டிருந்தது தோழர். ஜனவரி ஒண்ணாம் தேதி கூட்டத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். நீங்க ஒரு குறிப்பு எழுதித் தரணும்" என்றார். ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆளுக்கு இருநூறு, முந்நூறு என்று போட்ட காசு.

நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவன். காலனியப் படைகளில் பணியாற்றிய ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றியது என் ஆய்வு. பழைய பதக்கங்களையும் சின்னங்களையும் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்தச் சின்னம் 1818ஐச் சேர்ந்தது அல்ல என்று சொல்ல எனக்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. கோரேகானில் நிற்கும் தூண் அந்தப் போரில் இறந்தவர்களுக்காகப் பின்னால் எழுப்பப்பட்டது. அதன் அடிக்கல் 1821இல் நாட்டப்பட்டது. போருக்குப் போன சிப்பாய், அந்தப் போருக்கான நினைவுத் தூணைத் தலையில் அணிந்திருக்க முடியுமா?

பெயரும் பொருந்தவில்லை. 1818 ஜனவரி 1 அன்று இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றது கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையைச் சேர்ந்த ஒரு காலாட்படைப் பிரிவு. அதில் மகார்கள் கணிசமாக இருந்தார்கள். உடன் சென்னை பீரங்கிப் படையின் சிறு பிரிவும், பூனா குதிரைப் படையினரும் இருந்தார்கள். மகார் ரெஜிமெண்ட் என்ற பெயரில் ஒரு படை உருவானது 1941 அக்டோபரில்தான். அதன் ஆரம்பகாலச் சின்னத்தில்தான் கோரேகான் தூண் இருந்தது. பிறகு குறுக்கே வைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் அதில் சேர்ந்தன. அதற்கும் பிறகு தூண் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் குத்துவாள் வந்தது.

"அப்படின்னா இது 1941ஐச் சேர்ந்ததா இருக்கட்டுமே" என்றார் தோழர். விற்றவர் அனுப்பிய படங்களைக் கேட்டேன். அவர் கைப்பேசியில் இதே போன்ற வேறு இரண்டு சின்னங்களும் இருந்தன. தூணின் இடப்பக்கத்தில் ஒரு சிறு நசுங்கல் மூன்றிலும் அதே இடத்தில், அதே வடிவில் இருந்தது. பயன்படுத்தித் தேய்ந்த பொருள்களில் ஒரே காயம் மூன்று முறை விழாது. காயம்பட்ட ஒரு சின்னத்திலிருந்து அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள். பழுப்பு நிறம் மருந்து போட்டு ஏற்றியது. ஈரத் துணியால் துடைத்ததும் கையில் ஒட்டியது.

தோழருக்குக் கோபம். "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கோரேகானைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் கட்டுக்கதை என்று நிறுவ ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. தூணில் செதுக்கப்பட்ட பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் 'நாக்' என்று முடியும் மகார் பெயர்களை இன்றும் போய்ப் படிக்கலாம். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றதும் வரலாறு. இவ்வளவு உறுதியான சான்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு போலிச் சின்னத்தை வைத்தால், அந்தப் போலியைக் காட்டியே மற்ற எல்லாவற்றையும் பொய் என்பார்கள். நம் சான்றை நாமே முதலில் சோதிப்பது எதிரிக்குச் செய்யும் உதவி அல்ல. அவன் கையில் கல் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

கோரேகானுக்கு உண்மையான பதக்கம் ஒன்று உண்டு. 1851இல், அதாவது போர் நடந்து 33 ஆண்டுகள் கழித்து, 'ஆர்மி ஆஃப் இந்தியா' பதக்கம் அறிவிக்கப்பட்டது. கோரேகான் என்று பொறித்த பட்டை அதன் ரிப்பனில் ஏறும். ஆனால் அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. தூணில் பெயர் உள்ளவர்கள் எவருக்கும் கிடைத்திருக்க முடியாது. சிப்பாய்களில் எத்தனை பேர் 33 ஆண்டுகள் பிழைத்திருந்து, செய்தி கேள்விப்பட்டு, விண்ணப்பித்திருக்க முடியும்? அதனால்தான் அந்தப் பட்டையுள்ள பதக்கம் மிக அரிது. அதனால்தான் அதற்குப் போலிகளும் அதிகம். சந்தையில் யாராவது சில ஆயிரத்துக்கு நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பதக்கம் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அரசரின் முகத்தை அல்ல, விளிம்பை. பிரிட்டிஷ் காலப் போர்ப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பதிக்கப்பட்டிருக்கும். மோசடியும் அங்கேதான் நடக்கும். சாதாரணப் பெயரை அராவி எடுத்துவிட்டு, விலை போகும் பெயரைப் பதிப்பார்கள். அராவினால் உலோகம் குறையும். வெர்னியர் காலிப்பரால் பல இடங்களில் விட்டத்தை அளந்தால் வித்தியாசம் தெரியும். ரிப்பனைப் புற ஊதா விளக்கில் காட்டினால், பிற்காலச் செயற்கை இழை பளிச்சென்று ஒளிரும். ரிப்பன் புதிது என்பதால் மட்டும் பதக்கம் போலி ஆகிவிடாது; ரிப்பன் கிழிந்தால் மாற்றுவது வழக்கம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொதுவாகப் புழங்கும் விதிகள் பிரிட்டிஷ் சிப்பாயை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. இது தெரியாமல், "பெயர் இருந்தால் போலி" என்ற விதியை நம்பி, தாத்தாவின் உண்மையான நட்சத்திரத்தை ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. தொப்பிச் சின்னங்களும் அப்படித்தான். போர்க் காலத்தில் இந்தியப் பட்டறைகளில் பல சின்னங்கள் மணல் அச்சில் வார்க்கப்பட்டன. பர்மிங்காமில் அடித்த சின்னம்போல் அவை கூர்மையாக இருக்காது. முரடாக இருப்பதாலேயே ஒன்றைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

கள ஆய்வுக்காக வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு காலனியில் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "உங்க குடும்பத்துல யாராவது பட்டாளத்துக்குப் போயிருக்காங்களா?" ஒரு வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஆயா, "இல்ல தம்பி" என்றார். குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். மாலையில் அவருடைய பேரன் ஓடி வந்து கூப்பிட்டான். ஆயா ஒரு தகர டப்பாவைத் திறந்தார். "எங்க தாத்தா பட்டாளத்துக்குப் போவல தம்பி. கூலிக்குத்தான் போனாரு, பசுராவுக்கு. சாமான் தூக்க. அவரோட காசு இது. வெள்ளியா இருந்திருந்தா எப்பவோ வித்திருப்போம். செம்புன்னு கெடந்துச்சு" என்றார்.

அது முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 36 மில்லிமீட்டர் அகலம், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஒரு மனிதன். எல்லாம் சரி. ஆனால் வெள்ளி இல்லை, வெண்கலம். வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் படித்தேன். ஒரு எண். அடுத்து ஆங்கில எழுத்தில் 'கூலி' என்ற பதவி. பிறகு அப்பா பெயரோ ஊரோ இல்லாத ஒற்றைப் பெயர். கடைசியில் தொழிலாளர் படைப்பிரிவின் சுருக்கக் குறி. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்தப் பதக்கம் வெள்ளியில் சுமார் 65 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டுமே. அவை இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படையினருக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் போயின. அதே போரில் மண் வெட்டி, மூட்டை சுமந்த பிரிட்டிஷ் தொழிலாளர் படையினருக்கு வெள்ளிதான். தென்னாப்பிரிக்க அரசோ, போன தன் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வெண்கலத்தைக்கூடக் கொடுக்க மறுத்தது. இது அந்தப் போரில் மட்டும் வந்த வழக்கம் அல்ல. 1895ஆம் ஆண்டின் இந்தியா பதக்கத்திலும், 1903-04 திபெத் படையெடுப்புக்கான பதக்கத்திலும் சிப்பாய்க்கு வெள்ளி. சுமை தூக்கியவர், தண்ணீர் சுமந்தவர், துப்புரவு செய்தவர், கழுதை ஓட்டியவர் ஆகியோருக்கு வெண்கலம். தொட்டுத் தூக்கும் வேலையெல்லாம் ஒரு உலோகம், துப்பாக்கி பிடிக்கும் வேலை வேறு உலோகம். ஊரும் சேரியும் பதக்கத்திலும் இருந்தன.

அந்த ஆயா "இல்ல" என்று சொன்னதற்குக் காரணம் என் கேள்வி. நான் சிப்பாய்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படித் தேடினேன்? "வீர இனம்" என்ற கோட்பாட்டைப் படித்து, அதைக் கண்டித்து, பக்கம் பக்கமாக எழுதியவன் நான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், சென்னைச் சிப்பாய்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற முடிவுக்கு வந்தவர். பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தலைமையேற்றார். அவர் காலத்தில் வேரூன்றிய கொள்கையால் சென்னைப் படைகள் சுருங்கின. மகார்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. அம்பேத்கரின் தந்தை சுபேதார் ராம்ஜி பணியாற்றிய அதே படையின் கதவு. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1890களில் அதை எதிர்த்து மனு எழுதினார். ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது: 1917இல் 111ஆவது மகார் படை. போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். 1943இல் சமார் ரெஜிமெண்ட், 1946இல் கலைத்தார்கள். பிறப்பால் ஒருவன் வீரன், பிறப்பால் ஒருவன் சுமைகூலி என்று சொல்வது சாதியே அன்றி வேறென்ன?

அப்படியிருக்க, "நாங்களும் வீரப் பரம்பரைதான்" என்று நிரூபிக்கப் பதக்கம் தேடுவது, அதே தராசில் நாமே ஏறி நிற்பதாகும். ஒவ்வொரு ஆதிக்கச் சாதிச் சங்கமும் மேடைக்கு மேடை வாளைத் தூக்கிக் காட்டுகிறது. நாமும் ஒரு வாளைக் கண்டுபிடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? கோரேகானின் சிப்பாயை மறக்கச் சொல்லவில்லை. ஆயுதம் தொடக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்கள் பேஷ்வாவின் படைக்கு முன்னால் நின்ற நாள் அது. அதன் பொருள் குறையாது. ஆனால் நம் முன்னோரில் துப்பாக்கி கிடைத்தவர்கள் கொஞ்சம். மூட்டை கிடைத்தவர்கள் மிகுதி. மூட்டை சுமந்தவரை வெட்கப்பட்டு மறைக்கும் வரலாறு நம்முடைய வரலாறாக இருக்க முடியாது.

"வெள்ளைக்காரன் கொடுத்த பித்தளைக்கு இவ்வளவு பேச்சா?" என்று இடதுசாரி நண்பர் ஒருவர் கேட்டார். பேரரசைக் கொண்டாடச் சொல்லவில்லை. என் பார்வையில் பதக்கம் ஒரு ரசீது. வேலை வாங்கியவன் கொடுத்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட, நிலப் பட்டாவில் பெயர் இல்லாத ஒரு மனிதனின் பெயர் அழியாத எழுத்தில் பதிந்திருப்பது அந்த ரசீதில் மட்டுமாக இருக்கலாம். வாங்கியவன் எவ்வளவு குறைத்துக் கொடுத்தான் என்பதும் அதே ரசீதில் இருக்கிறது.

என் அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் இருந்ததாம். அது அடகுக் கடைக்குப் போய் எடைக்கு எடை உருகிவிட்டது. விளிம்பில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் படித்து வைக்கவில்லை. எந்தப் போர், என்ன பதவி, ஒன்றும் தெரியாது. ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் பதக்கம் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேயும். விளிம்பைச் சுற்றிப் படம் எடுங்கள். எழுத்துகளை, பிழைபோலத் தெரிந்தாலும், அப்படியே எழுதி வையுங்கள். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். எண்தான் ஆளைக் காட்டும். பெரியவர்கள் சொல்லும் கதையைப் பதிவு செய்யுங்கள். பழைய படையெடுப்புகளின் பதக்கப் பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களிலும், க்யூ தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது என்பதையும் வாங்க வருபவரிடம் சொல்லுங்கள்.

லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் பதிவேடுகளிலிருந்து முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரங்களை 2021இல் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதில் சிப்பாயோடு கூலியும் இருக்க வேண்டும். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் நம் இயக்கத்தால் இதைத் தொடங்க முடியும்.

ஜனவரி 1 கூட்டத்தில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. தோழர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தானே வந்து அந்த ஆயாவின் ஊருக்கு வழி கேட்டார். சின்னத்தை வைக்கவில்லை. பெட்டிக்குள் வெண்கலப் பதக்கம், விளிம்பு தெரியும்படி செங்குத்தாக நின்றது. ஆயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குக் கீழே நான் எழுதிய குறிப்பில் தோழர் ஒரு திருத்தம் செய்திருந்தார். "போருக்குப் போன சுமைகூலி" என்று எழுதியிருந்தேன். அவர் 'சுமைகூலி'யை அடித்துவிட்டு, விளிம்பில் இருந்த பெயரைப் போட்டிருந்தார்.