மேடைக்கு வராதவர் தோற்றவரல்ல

கென்னடி ஜூனியருடன் தன் நிகழ்ச்சியில் நேர வரம்பின்றி விவாதித்தால், பீட்டர் ஹோடெஸ் கைகாட்டும் அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் டாலர் தருகிறேன் என்று 2023 ஜூனில் சவால் விட்டார் அமெரிக்க பாட்காஸ்ட் பிரபலம் ஜோ ரோகன். கென்னடி, தடுப்பூசிக்கு எதிரான பிரசாரத்தால் பெயர் பெற்றவர். ஹோடெஸ் தடுப்பூசி விஞ்ஞானி. நம் நாட்டில் 12 முதல் 14 வயதுச் சிறாருக்குப் போடப்பட்ட கோர்பிவேக்ஸ், அவரது ஹூஸ்டன் குழுவின் தொழில்நுட்பத்தில் பிறந்தது. ரோகனோடு பேசத் தயார், கென்னடியோடு மல்லுக்கட்ட மாட்டேன் என்றார் அவர். தன் பக்கம் தவறு என்று தெரிந்துதான் அஞ்சுகிறார் என்று எலான் மஸ்க் உடனே தீர்ப்பெழுதினார். விவாதத்துக்கு வா என்று ஹோடெஸின் வீட்டு வாசலுக்கே போய்ச் சீண்டினார்கள் சிலர்.

இது விவாத அழைப்பு அல்ல, மிரட்டல். மேடையும் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. வந்தால், 'பாருங்கள், விஞ்ஞானியே எங்களைச் சமமாக மதிக்கிறார்' என்பார்கள். வராவிட்டால் 'ஓடிவிட்டார்'.

அப்படியே சவாலை ஏற்று ஆதாரம் கொடுத்தால்? தட்டம்மை வைரஸ் இருப்பதையும் அதன் அளவையும் நிரூபித்தால் ஒரு லட்சம் யூரோ என்று 2011இல் அறிவித்தார் ஜெர்மனியின் ஸ்டெஃபான் லங்கா. டேவிட் பார்டென்ஸ் என்ற மருத்துவர் ஆறு ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினார். பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். 2015இல் ராவன்ஸ்பர்க் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஸ்டுட்கார்ட் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. வைரஸ் இல்லை என்பதால் அல்ல. லங்கா கேட்டது ஒரே கட்டுரை, வந்தது ஆறு! பரிசு அறிவித்தவரே விதியை வகுக்கலாம் என்றது நீதிமன்றம். ஆனால் 'தட்டம்மை வைரஸ் இல்லை என்று ஜெர்மன் நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்ற பொய்தான் உலகம் சுற்றியது.

கேள்வி கேட்கும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று சொல்லப் பத்து விநாடி போதும். அந்தப் புரளியைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது, 2010இல் திரும்பப் பெறப்பட்டது என்பதையும், டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 2019 ஆய்வில் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை என்பதையும் விளக்க அவகாசம் வேண்டும். கைதட்டலுக்கு நடுவே அது நடக்காது. தன் மகளின் ஆட்டிசத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே ஹோடெஸ் 2018இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். மறுப்பு இருந்தால் கென்னடி தரப்பு அதற்கு எழுதட்டுமே!

அந்தக் கென்னடிதான் 2025 பிப்ரவரி முதல் அமெரிக்காவின் சுகாதாரத் துறை அமைச்சர்.

ஹோடெஸ் 'பயந்து ஒதுங்கினார்' என்று செய்தி போட்ட ஊடகங்கள் அதைத் திருத்தி வெளியிட வேண்டும். இனி ஒரு சவாலைச் செய்தியாக்குமுன் அதன் விதிகளை வகுத்தது யார், தீர்ப்புச் சொல்வது யார் என்று கேட்டு, பதிலையும் சேர்த்தே அச்சிட வேண்டும். பதில் வராவிட்டால் அந்தச் செய்தியே வேண்டாம்.