முழங்கால் ப்ராஜெக்ட்

எம்.ஈ. படிக்கிற பையன்களுக்கு இரண்டு தெய்வங்கள். ஒன்று கைடு, இன்னொன்று கூகுள். மூன்றாவதாக ஒருவர் பல்கலைக்கழக நூலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் சன்னதியில் க்யூவே கிடையாது. வரதராஜரைச் சேவிக்கக் கால்கடுக்க நிற்கிற ஊர்க்காரன் சொல்கிறேன், இந்த தரிசனத்தை விடாதீர்கள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன். அப்பா பட்டு நெசவு. பையன் சென்னையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஈ. ப்ராஜெக்ட்டுக்கு அவன் எடுத்துக்கொண்டது அப்பாவின் முழங்கால்.

சிரிக்காதீர்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். எந்த இழை மேலே போகவேண்டும் என்று அதில் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள் தீர்மானிக்கும். (பிரான்சில் 1804-ல் வந்த இந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைக்க நினைத்தார். ஒரு வகையில் கம்ப்யூட்டருக்குத் தறி தாத்தா முறை.) தீர்மானிப்பது அட்டை, தூக்குவது என்னவோ நெசவாளியின் கால். நாள் முழுக்க மிதி, மிதி, மிதி. அதை ஒரு மோட்டார் செய்தால் என்ன என்பது பையனின் யோசனை.

கூகுளில் தேடினான். கட்டுரை கிடைத்தது. முதல் பத்து வரி இலவசம், மீதிக்கு நாற்பது டாலர். நம்மூர்க் கணக்கில் மூவாயிரத்துக்கு மேல். நான் பி.காம். என்பதால் தெருவில் பண விஷயமெல்லாம் என்னிடம்தான் வரும்.

"ண்ணா, உங்க கார்டுல கட்டிடலாமா?"

"உங்க லைப்ரரில கேட்டியாடா?"

"அங்க பழைய புக்குதாண்ணா இருக்கும்."

விஷயம் இதுதான். வெளிநாட்டு ஆய்விதழ்களை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வாங்கி மாளாது என்று, 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். அரசு கல்வி நிலைய மாணவனுக்குக் காலணா செலவில்லை. தனியார் கல்லூரிப் பையன்கள் முதல் கட்டத்தில் சேர்த்தியில்லை. ஆராய்ச்சி செய்யும் மூளைகூட அரசாங்க மூளையாக இருக்கவேண்டும் போல. அவர்களுக்கு என் யோசனை: கட்டுரை எழுதினவருக்கே ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பிவிடுவார். அவர் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிக்க ஓர் ஆள் கிடைத்தானே!

பையன் நூலகரைப் போய்ப் பார்த்தான். நாற்பது டாலர் கட்டுரை இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. அப்புறம்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இதை ஏற்கெனவே யாராவது செஞ்சிருக்காங்களான்னு பாத்தீங்களா தம்பி?"

பார்க்கவில்லை. ஷோத்கங்காவைத் திறந்து காட்டினார். 2009-ல் யு.ஜி.சி. போட்ட விதிப்படி பிஎச்.டி. ஆய்வேடுகளின் மின்பிரதி சேர்கிற இடம். யாரும் படிக்கலாம், தனியார் கல்லூரிப் பையன்களும்தான். அப்புறம் காப்புரிமைப் பட்டியல், அதுவும் இலவசம். ஜக்கார்டை மோட்டார் வைத்துத் தூக்கும் கருவி ஏற்கெனவே தறிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது! பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. ஒரு வருஷம் மிச்சம் என்பது அவனுக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகனின் நேரம் வீணாகக்கூடாது என்று விதியே வகுத்த மனுஷர். இந்த நூலகர் அந்த வம்சம். மறுபடி போனவனை உட்காரவைத்து, "உங்க ஊர் தறில வேற என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறார்.

கோர்வை என்றான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தறியிலேயே கோர்ப்பது.

"கோர்வைன்னு தேடாதீங்க. எழுதினவருக்கு அந்த வார்த்தை தெரிஞ்சிருக்காது. த்ரீ ஷட்டில்னு போடுங்க, சாலிட் பார்டர்னு போடுங்க. நல்லதா ஒண்ணு கிடைச்சா, அதோட கடைசிப் பக்கத்துல இருக்கற பட்டியலைப் பிடிச்சுப் பின்னால போங்க. அப்புறம் அதை யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு முன்னால வாங்க."

பின்னால் போய், முன்னால் வந்து, ஒரு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூணு நாடாவும் சரியாத்தான் போட்டிருக்கான். அந்தப் பக்கக் கரைக்கு நாடா போட ஒரு ஆள் உக்காரணுமே, அவன் எங்கடா?"

அந்த இன்னொரு ஆள் இப்போது ஊரில் கிடைப்பதில்லை. பையன் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.