மணலில் ஒரு பாதை



சில ஆண்டுகளுக்கு முன் நம் சபைக் குடும்பங்களாக மெரினா கடற்கரைக்குச் சென்றிருந்தோம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு சகோதரி சாலையோரத்திலேயே தங்கிவிட்டார். "நீங்கள் போய் வாருங்கள் ஐயா, நான் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நாங்களும் போனோம். மணலில் சக்கரம் புதையுமே, வேறு என்ன செய்வது என்று என் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

2022 நவம்பரில் அதே மணற்பரப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் தாராளமாகக் கடந்து செல்லலாம். அந்தச் சகோதரி அதன் முனைவரை சென்று திரும்பியபின் என்னிடம் சொன்னது ஒன்றே: "அலை இவ்வளவு இரைச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது ஐயா." ஐம்பது வயதைக் கடந்தவர், பிறந்தது முதல் சென்னையிலேயே வாழ்கிறவர்.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரின் விசுவாசத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவர்கள் கூரையைப் பிரிக்க நேர்ந்தது ஏன் என்பதை நெடுநாள் சிந்திக்கவில்லை. வாசலை மறித்து நின்றவர்கள் வசனம் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களே. ஒருவரும் விலகி வழிவிடவில்லை.

"நாமும் நால்வராகத் தூக்கிச் செல்லலாமே" என்பீர்கள். அது அன்புதான், அவசரத்துக்கு அதுவும் வேண்டும். ஆனால் தூக்கிச் செல்லப்படுகிறவர் நமக்கு நேரம் வாய்க்கும்போது மட்டுமே போக முடியும். பாதை உள்ளவரோ தாம் விரும்பும் வேளையில் போகலாம். விரும்பினால் தனித்தும் இருக்கலாம். நம் ஆண்டவர் ஜெபிப்பதற்காக வனாந்தரத்துக்கும் மலைக்கும் தனியே போனார். அந்தத் தனிமை கால் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதா?

ஆகையால் உங்களிடம் ஒன்றை வற்புறுத்துகிறேன். அடுத்த சுற்றுலாவுக்கு வண்டி பேசுமுன் இருவர் சென்று இடத்தைப் பார்த்து வரட்டும். சக்கரம் உருளும் தரை உண்டா? கழிவறை வாசல் போதிய அகலமா? முதியோர் இளைப்பாற நிழலும் இருக்கையும் உண்டா? இல்லையெனில் வேறு இடம் தேடுவோம். அந்தப் பட்டியலோடு நம் ஆலய வாசலையும் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய அளவு. நம் மூன்று படிகளின் உயரம் ஒன்றரை அடி. பதினெட்டு அடி சாய்தளம் போதும்; இடமும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் நாம் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவே.

மெரினா பாதை திறந்த இரண்டே வாரங்களில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பழுது நீக்கி மறுபடியும் திறந்தார்கள். ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துபோகும் பாதை நிலைக்காது. மணல் மூடும், பலகை பெயரும், யாராவது குறுக்கே இருசக்கர வாகனத்தை நிறுத்துவார்கள். அதை நாள்தோறும் காப்பதும் ஊழியமே.

அடுத்த முறை செருப்புகளுக்குக் காவலாக நானே இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் கடலண்டை போய் வாருங்கள். எல்லாரும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.