கழிவறை கழுவியவரும் போருக்குத்தான் போனார்

எங்கள் விருத்தாசலத்தில் மாநாடு, குருபூசை என்று எது வந்தாலும் பேனர்களில் வாளும் மீசையும் முளைத்துவிடுகின்றன. எல்லோரும் போர்க்குடி, எல்லோரும் ஆண்ட பரம்பரை. ஆதிக்கச் சாதிகள் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. நம் தோழர்கள் சிலரும் அதே மொழியில் பதில் சொல்லத் தொடங்கியிருப்பதுதான் உறுத்துகிறது. "நாங்களும் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சண்டை போட்டவர்கள்தான்" என்கிறார்கள்.

உண்மைதான். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, சுபேதார். ஆனால் 'போர்க்குடி' என்ற அளவுகோலைச் செய்தவர் யார்? 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதில் முக்கியமானவர். தெற்கத்தியருக்குப் போர்க்குணம் போய்விட்டது என்று முடிவு கட்டியவர். அதே காலத்தில்தான், 1890களில், மகர்களுக்குப் பட்டாளத்தின் கதவு சாத்தப்பட்டது. நம்மை வெளியே தள்ளிய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் உயரத்தை அளந்து காட்டுவானேன்?

என் ஆய்வு முதல் உலகப்போரைப் பற்றியது. போர்முனையைவிட அதற்குப் பின்னால் இருந்த முகாம்களைப் பற்றித்தான் அதிகம் படிக்கிறேன். சிப்பாயின் எல்லா நாளும் சண்டையில் கழியவில்லை. ரொட்டி சுட வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கோவேறு கழுதைக்குத் தீனி போட வேண்டும், கழிவறைக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்தவர்களுக்கு ராணுவம் வைத்த பெயர் 'ஃபாலோயர்', அதாவது பின்னால் வருபவர். இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 14 லட்சம் பேரில் 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சண்டையிடாத பிரிவினர். அவர்களிலும் சமையற்காரர், பிஸ்தி என்கிற தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் ஆகியோர் கடைசிப் படி. ஊரில் பிறப்பு ஒதுக்கிய வேலையையே பிரெஞ்சு மண்ணிலும் மெசபடோமியாவிலும் ராணுவம் அவர்களுக்கு ஒதுக்கியது. சம்பளம் மட்டும் சிப்பாயைவிடக் குறைவு.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அரண்மனை ஒன்றையே 1914 டிசம்பரில் இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாகத் திறந்தார்கள். மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள். இந்துவுக்கு ஒரு குழாய், முஸ்லிமுக்கு ஒரு குழாய். இதைப் பேரரசின் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டீக்கடைக்காரர் தனிக்குவளை வைத்தால் வன்கொடுமை, அரசாங்கம் தனி அடுப்பு வைத்தால் பண்பாட்டு மரியாதையா? அந்த மருத்துவமனைகளின் கழிவறைகளைக் கழுவ மட்டும் 'மரியாதை' தேவைப்படாத ஆட்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சுக்கா. பரேலிக்காரர். பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் துப்புரவாளர். 1915 ஜனவரியில், 30 வயதில் இறந்தார். தீண்டத்தகாதவர் என்று இந்துக்கள் எரிக்க மறுத்தார்கள், முஸ்லிம் அல்ல என்று அந்த இடுகாட்டிலும் இடமில்லை என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. கடைசியில் உள்ளூர்ப் பாதிரியார் தன் தேவாலய வளாகத்தில் புதைத்தார், ஊர் மக்கள் கல் நட்டார்கள். சாதி கடல் தாண்டாது என்று யார் சொன்னது?

சுக்காவுக்காவது கல்லில் பெயர் இருக்கிறது. ஆப்பிரிக்கர், எகிப்தியர், இந்தியர் என ஆயிரக்கணக்கானோருக்கு அதுவும் இல்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது.

"வீரத்தைப் பேசினால்தானே நம் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பார்கள்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான், நிமிர்ந்து நடக்கட்டும். ஆனால் துப்பாக்கி பிடித்த தாத்தாவை மட்டும் தேடிப்பிடித்துப் படம் மாட்டினால், வாளி தூக்கிய தாத்தாவை நாமும் சேர்ந்து வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். தன் மெய்க்காவல் படைக்கு இந்து ராஜபுத்திரர், இந்து ஜாட், ஜாட் சீக்கியர் என மூன்று பிரிவினரிலிருந்தே ஆளெடுப்பதாக 2013இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதே, அது எந்த வெள்ளைக்காரனின் குடியரசுத் தலைவர்?

எங்கள் ஊர் பீங்கானுக்குப் பேர் பெற்றது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனமே இருக்கிறது. கழிப்பறைக் கோப்பையை எந்தச் சூட்டில் சுட வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதைக் கழுவ எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் யாரும் படிக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.