புதையலைத் தேடாதீர்கள், களஞ்சியத்தைப் பாருங்கள்



டெம்ப்ளர் வீரர்கள் ஒளித்து வைத்த தங்கப் புதையல் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. இந்த வாரம் மட்டும் ஐந்து பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். அதில் மூன்று பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள்! கோபம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. வெட்கம் ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டெம்ப்ளர்கள் சிலுவைப் போர்க் காலத்துக் கிறிஸ்தவத் துறவிகள், வாளேந்திய துறவிகள். 1312இல் போப்பாண்டவர் அந்த அமைப்பைக் கலைத்தார். அதுவரை குதிரைக்கும் கவசத்துக்கும் கோட்டைக்கும் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு ஐரோப்பா முழுவதும் அவர்களுக்குத் தானமாகக் கிடைத்த நிலங்களிலிருந்து வந்தது.

அப்படி ஒரு பண்ணை இங்கிலாந்தின் எசெக்ஸில் இருக்கிறது. பெயர் கிரெஸ்ஸிங் டெம்பிள். 1137இல் அரசி மெட்டில்டா கொடுத்த நிலம். அங்கே துறவிகள் ஜெபித்த ஆலயம் இன்று இல்லை. அஸ்திவாரத்தைத் தோண்டித்தான் பார்க்க முடிந்தது. நிமிர்ந்து நிற்பவை இரண்டு தானியக் களஞ்சியங்கள். பார்லிக் களஞ்சியம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கோதுமைக் களஞ்சியம் அதே நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியது. கோதுமைக் களஞ்சியம் ஏறக்குறைய 40 மீட்டர் நீளம். எல்லாம் ஓக் மரச் சட்டகம். மரத்துக்குள் மரத்தைச் செருகி, மர முளை அடித்து இறுக்கியது. எண்ணூறு வருஷமாகக் கூரையைத் தாங்கி நிற்கிறது!

கட்டிய தச்சர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் செதுக்கிய பொருத்துகள் பேசின. இந்தக் களஞ்சியங்கள் பிற்காலத்தவை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். செசில் ஹியூவெட் என்பவர் மரப் பொருத்துகளின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்து, இவை மிகப் பழமையானவை என்று வாதிட்டார். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பின்னால் நடந்த அறிவியல் காலக்கணிப்பும் 13ஆம் நூற்றாண்டு என்றே சொன்னது.

உள்ளே குவிந்த கதிர் யாருடைய உழைப்பு? 1185இல் டெம்ப்ளர்கள் இங்கிலாந்தில் தங்களுக்கிருந்த நிலங்களைக் கணக்கெடுத்தார்கள். எந்தக் குடியானவனிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு குத்தகை, பண்ணைக்கு என்னென்ன வேலை செய்து தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. புனிதப் போரின் வரவுக் கணக்கு அது.

டெம்ப்ளர்களுக்குப் பிறகு பண்ணை ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு போர்த்துறவி அமைப்புக்குப் போனது. 1381 குடியானவர் கிளர்ச்சியில் மக்கள் இந்தப் பண்ணைக்குள் புகுந்து சூறையாடினார்கள். ஹாஸ்பிட்டலர்களின் இங்கிலாந்துத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ்தான் அப்போது அரசின் பொருளாளர். தலைவரி மேலிருந்த ஆத்திரம் அவர் மேல் பாய்ந்தது. லண்டனில் அவர் தலையையே வெட்டினார்கள். களஞ்சியங்கள் அதையும் தாண்டி நிற்கின்றன.

"கதை சுவாரசியமாக இருந்தால்தானே சார் பிள்ளைகள் வரலாற்றுப் பக்கம் வருவார்கள்?" என்று கேட்பீர்கள். சரி, மேலே சொன்னதில் எது சுவாரசியம் இல்லை? புதையல் கதை செய்கிற கெடுதல் ஒன்றுதான்: செல்வம் ஏதோ ரகசிய அறையில் தானாக முளைத்தது என்று நம்ப வைக்கிறது. உழுதவன், அறுத்தவன், மரம் இழைத்தவன் எல்லாரும் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் சிலுவைப் போர்ப் பாடம் நடத்தினேன். முதல் போர், இரண்டாம் போர், மூன்றாம் போர் என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்தப் படைக்குச் சோறு போட்டது யார் என்று ஒரு நாள்கூட உங்களிடம் கேட்டதில்லை. வகுப்பில் அந்த இடத்தைக் காலியாக விட்டது நான்தான். அதில்தான் இன்று புதையல் வீடியோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கேள்வியை இப்போது கேட்கிறேன். அடுத்த முறை ஏதாவது அனுப்புவதற்கு முன் நீங்களும் அதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்