சொல்லக் கூசும் அரிப்பு

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை உட்கொள்ளும் சகோதரிகள் பாஸ்டர் அம்மாவிடங்கூடச் சொல்லத் தயங்கும் ஒரு காரியத்தை இம்மாதம் எழுதுகிறேன். மாத்திரை மாற்றிய சில வாரங்களில் பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், தயிர்த்திரள் போன்ற வெள்ளைப்படுதல் உண்டாகலாம். ஆண்களுக்கு நுனித்தோல் சிவந்து வெடிக்கும். இதைக் கண்டு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகிப்பது எத்தனை வேதனை! காரணம் பெரும்பாலும் மாத்திரைதான்.

உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் என்னும் பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் இது வருகிறது. 2020-ல் முதலாவதற்கும் 2025-ல் இரண்டாவதற்கும் நம் தேசத்தில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபடியால், பலருக்கும் இவை எழுதித் தரப்படுகின்றன. சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப இரத்தத்தில் சேர்க்காதபடி தடுத்து, சிறுநீரோடு வெளியேற்றுவதே இவற்றின் வேலை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 கிராம்வரை வெளியேறும். அந்த இனிப்பான ஈரத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சை செழிக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மிகுதியாகக் காட்டுவதும் இதனாலேயே. அதற்காகக் கலங்க வேண்டாம்.

அரிப்பைக் கண்டு ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடாதிருங்கள். இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் நற்பலன் இம்மருந்துக்கு உண்டு. பெரும்பாடுள்ள ஸ்திரீ பன்னிரண்டு வருஷம் சுமந்ததை ஜனக்கூட்டத்தின் நடுவிலே சொன்னாள். நீங்களோ ஒரு வைத்தியரிடம் தனியறையில் சொன்னால் போதும். குளோட்ரிமசோல் களிம்பிலோ, உள்ளே வைக்கும் மாத்திரையிலோ பெரும்பாலும் குணமாகிவிடும். ஃபுளுகோனசோல் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு அது சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்தக்கூடும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளோ இன்னும் மோசம். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை பரவும்.

பொதுக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடியாமலிருக்கிற சகோதரிகள் நம் மாநகரங்களில் அநேகர். இம்மருந்து சிறுநீரை மிகுதியாக்கும். ஆகையால் தண்ணீர் குறையலாகாது. சிறுநீர் கழித்தபின் வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் துடைத்து, பருத்தி உள்ளாடை அணியுங்கள். வாசனைச் சோப்பு வேண்டாம். அடிக்கடி திரும்ப வந்தால் மருந்தை மாற்றுவதா என்பதை வைத்தியரே முடிவு செய்யட்டும்.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கடும் வலி, வீக்கம், அதனுடன் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இது அபூர்வம், ஆனால் உயிருக்கு ஆபத்தானது.

உபவாசம் பற்றியும் ஒரு வார்த்தை. இம்மருந்தோடு ஆகாரமின்றி இருந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். சர்க்கரை அளவு அதிகம் உயராமலே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்தால், பெயர் கொடுக்கும் முன்னே, மாத்திரையை எந்த நாள் நிறுத்தி எந்த நாள் தொடங்குவது என்று உங்கள் வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.