பச்சை விளக்கின் பொய்ச்சாட்சி

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு நம்பிக்கை கேள்வியின்றி நிலவுகிறது. சார்ஜ் நிறைந்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரியும்வரை பேட்டரி நலமாக இருக்கிறது என்பது அதன் ஒரு பாதி. கெடும்போது பேட்டரி ஒரே நாளில் திடீரென்று செத்துவிடும் என்பது மறு பாதி. இரண்டும் தவறு. பழுதடையும் பேட்டரி மாதக்கணக்கில் அறிகுறிகளைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அவற்றுள் முதன்மையானது, அந்தப் பச்சை விளக்கு முன்னைவிட விரைவாக எரியத் தொடங்குவதே.

வீடுகளில் பெரும்பாலும் உள்ளது ஈய-அமில பேட்டரி. 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய வகை. இதில் ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் எடுக்கப்படும்போது இரண்டும் ஈய சல்பேட்டாக மாறி, சார்ஜ் ஏறும்போது பழைய நிலைக்கு மீள்கின்றன. நாளடைவில் சல்பேட்டின் ஒரு பகுதி கெட்டிப்பட்டு மீளாமல் தங்கிவிடுகிறது. தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டமும் அரிக்கப்படுகிறது. வேலை செய்யும் பொருள் குறைந்துவிட்டதால் எஞ்சியது விரைவில் நிறைகிறது. உள்மின்தடை கூடிவிட்டதால் மின்னழுத்தமும் சீக்கிரமே உச்சத்தைத் தொடுகிறது. மின்னழுத்தத்தை மட்டுமே பார்த்து முடிவெடுக்கும் சார்ஜர் உடனே பச்சை விளக்கை எரியவிடுகிறது. குடம் சொம்பாகச் சுருங்கிவிட்ட பிறகும், நிரம்பிவிட்டது என்று மட்டுமே அந்த விளக்கால் சொல்ல முடியும்.

இந்த நம்பிக்கை சென்னையின் மையப்பகுதிகளில் குறிப்பாக வலுப்பட்டதற்குக் காரணம் உண்டு. 2012இல் நகரத்தில் நாள்தோறும் 2 மணிநேர மின்வெட்டு இருந்தபோது, ஒவ்வொரு வெட்டும் பேட்டரிக்கு ஒரு தேர்வாக அமைந்தது. பேக்கப் நேரம் குறைவதை வீட்டார் தாமாகவே உணர்ந்தார்கள். பற்றாக்குறை தீர்ந்த பின் மின்தடைகள் அரிதாகவும் குறுகியவையாகவும் மாறின. பத்து நிமிடத் தடையை நலிந்த பேட்டரியும் தாங்கிவிடும் என்பதால் தேர்வு நின்றுபோனது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் தாக்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் போனது. அத்தகைய இரவில் கைவிடும் பேட்டரி அன்று செத்ததல்ல. அதன் நலிவு அன்றுதான் தெரியவருகிறது, அவ்வளவே.

சரக்குக் கிடங்குகளில் ஓடும் மின்சார போர்க்லிஃப்ட் வண்டியிலும் இதே வேதியியல்தான் இயங்குகிறது. 48 வோல்ட் பேட்டரி என்றால் 24 செல்கள். முறையாகப் பராமரிக்கும் கிடங்கில் விளக்கை நம்பாமல், ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியும் ஹைட்ரோமீட்டர் எனும் கண்ணாடிக் குழல் கருவியால் அளந்து பதிவு செய்யப்படுகிறது. கொள்ளளவு குறிப்பிட்டதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் பணிக்காலம் முடிந்தது என்பது தொழில்துறையின் பொது அளவுகோல். கிடங்கில் சரக்குக்குக் காட்டப்படும் இந்த அக்கறையை, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை நம்பி முதியவர் ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் காட்டாமலிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வீட்டு பேட்டரியின் 6 செல்களும் தொடராக இணைக்கப்பட்டவை. ஆகவே மிக நலிந்த செல்லே முழு பேட்டரியின் ஆற்றலைத் தீர்மானிக்கிறது. முழு சார்ஜில், குழல்வடிவத் தகடு கொண்ட டியூபுலர் பேட்டரியின் அமில ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, ஏறத்தாழ 1.24 இருக்கும். ஒரு செல் மற்றவற்றைவிட 0.05 குறைந்திருந்தால் அது பழுதின் தெளிவான அடையாளம். ஒரு செல் மட்டும் அடிக்கடி தண்ணீர் கேட்பது, சார்ஜ் ஏறும்போது பெட்டி அளவுக்கு மீறிச் சுடுவது, அழுகிய முட்டை நாற்றம் வருவது, பக்கங்கள் உப்புவது ஆகியவையும் புறக்கணிக்கத் தகாதவை.

நலிந்த பேட்டரிக்கு ஆசிட் ஊற்றினால் உயிர் வரும் என்ற துணை நம்பிக்கை இன்னும் தீங்கானது. நாட்பட பேட்டரியை விட்டு வெளியேறுவது நீரே, அமிலம் அல்ல. அதனால் ஈடு செய்ய வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் எண் உயர்கிறது, கொள்ளளவு உயர்வதில்லை. தகடுகள் மேலும் அரிக்கப்படுகின்றன, நம்பத்தகுந்த அளவீடும் பொய்யாக்கப்படுகிறது.

இதெல்லாம் மெக்கானிக்கின் வேலை என்ற மறுப்பு நிற்காது. 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி 1,800 வாட்-மணி ஆற்றல் கொண்டது. இழப்புகளைக் கழித்தாலும் 300 வாட் சுமையை நல்ல நிலையில் அது ஏறத்தாழ 4 மணிநேரம் தாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு முறையும் அதே மின்விசிறிகளையும் விளக்குகளையும் 2 மணிநேரம் ஓடவிட்டு, முடிவில் உள்ள மின்னழுத்தத்தைத் தேதியுடன் குறித்துவைக்க எவராலும் முடியும். ஒவ்வொரு முறையும் அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தால் பேட்டரி நலிகிறது என்று பொருள். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதைக் கண்டறிவதும், அடுத்த புயல் வருவதற்குள் மாற்றுவதும் அந்தக் குறிப்பால் இயலும். பச்சை விளக்கை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அந்த இரண்டு வாய்ப்புமே கிடைப்பதில்லை.